டெக்குக்குப் பதிலாக என்ன வாங்குவது? மலையகத்து வீடுகளுக்கு ஒரு கேள்வி பதில்

டெக் என்று நாம் சொல்லிப் பழகிய வீடியோ கசட் பெட்டி இன்னும் பல வீடுகளில் டிவிக்குக் கீழே கிடக்கிறது. மேலே ஒரு துணி, அதன் மேல் பிளாஸ்டிக் பூச்சாடி. பக்கத்திலோ அலுமாரிக்கு மேலோ பத்து இருபது கசட்: கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா, காமன் கூத்து. நான் ஹட்டன் பக்கம் இருக்கிறேன். சில வருடங்களாகத் தெரிந்தவர்களின் கசட்டுகளைக் கம்பியூட்டருக்கு ஏற்றிக் கொடுத்து வருகிறேன். வருகிறவர்கள் கேட்பது அநேகமாக ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் திரும்பச் சொல்வதை விட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

டெக் பழுதாகிவிட்டது. புதுசு கடையில் கிடைக்குமா?

கிடைக்காது. உலகத்தில் கடைசியாக வி.எச்.எஸ் (நம் வீடுகளில் இருக்கும் பெரிய வீடியோ கசட் வகை) டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பனி 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. இப்போது "புது டெக் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், அது துடைத்துப் பளபளப்பாக்கிய பழைய டெக். அதற்காக அதை ஒதுக்கிவிட வேண்டாம். பழைய டெக்குக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, கீழே வருகிறேன்.

சரி, அதன் இடத்தில் எதை வாங்கி வைப்பது? ஒன்றைச் சொல்லுங்கள்.

ஒன்றைச் சொல்ல முடியாததுதான் சிக்கல். டெக் இரண்டு வேலை செய்தது. டிவியில் போவதைப் பதிந்தது, பதிந்து வைத்த கசட்டைப் போட்டும் காட்டியது. இன்றைக்கு இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யும் புதுப் பெட்டி கிடையாது. ஆகவே, உங்களுக்கு எந்த வேலை வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

டிவி நிகழ்ச்சியைப் பதிய வேண்டுமா? அவசரமே இல்லை. அடுத்த வருடம்கூட வாங்கலாம். கசட்டில் இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமா? அதை இந்த வருடமே செய்யுங்கள். நம் ஊர்க் குளிரும் ஈரமும் கசட்டை விட்டுவைக்காது. பணம் கொஞ்சமாக இருந்தால் அதை இரண்டாவது வேலைக்குச் செலவழியுங்கள் என்பதுதான் என் கருத்து. என்னிடம் வருகிறவர்களில் அநேகம் பேர் முதலாவதைக் கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள்.

என் புது டிவியில் யூ.எஸ்.பி ஓட்டை இருக்கிறது, ரிமோட்டில் சிவப்புப் பட்டனும் இருக்கிறது. பென்டிரைவ் செருகி அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லையே?

டிவி பழுதில்லை. அந்தப் பட்டன் டிஜிட்டல் சேனலுக்கு மட்டும்தான் வேலை செய்யும். பல டிவிகளில் இப்படித்தான். நம் கூரையில் கம்பு நட்டுக் கட்டிய அன்டெனாவுக்கு வருவது இன்னும் அனலாக். 1982 பிப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கிய காலத்து முறைதான். டிவிக்குள் டிஜிட்டலாக வந்ததை அப்படியே எடுத்து பென்டிரைவில் வைக்க டிவிக்குத் தெரியும். அனலாக்காக வந்ததை டிஜிட்டலாக்கிச் சுருக்கி எழுதும் பகுதி அதற்குள் கிடையாது.

கடையில் "ரெக்கோடிங் இருக்கு" என்று சொல்லி டிவியை விற்பார்கள். பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதும் பொய் இல்லை. நம் வீட்டுக் கூரைக்குத்தான் அது பொருந்தாது.

டிஷ் பெட்டியில் பதியலாமா?

பதியலாம். இன்று டெக்குக்குக் கிட்டத்தட்ட நிகரானது அதுதான். பிதுருதலாகலை உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் நிற்கிறது, மலையோ 2,524 மீட்டர். அதன் காலடியில் இருக்கும் பள்ளத்து லயத்துக்குப் படம் புள்ளி புள்ளியாக வரும், ஏனென்றால் நடுவில் ஒரு மலை மறைக்கும். அதனால்தான் நம் பக்கம் லயத்துக்கு லயம் டிஷ் முளைத்தது.

பெட்டி வாங்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். யூ.எஸ்.பியில் பதிய அனுமதி இருக்கிறதா? இருந்தால், பதிந்ததை வேறு டிவியில் போட முடியுமா? பல பெட்டிகள் பதிந்ததைப் பூட்டி வைக்கும். அதே பெட்டியில் மட்டும்தான் ஓடும். பெட்டி போனால் பதிவும் போச்சு. மகள் மேடையில் ஆடிய நிகழ்ச்சி ஏதாவது சேனலில் வந்தது, அதை என்றைக்கும் வைத்திருக்க வேண்டும் என்றால் இதை நம்பாதீர்கள். இப்போது உள்ளூர்ச் சேனல்கள் நிறைய நிகழ்ச்சிகளைத் தாங்களே யூடியூபில் போடுகின்றன. முதலில் அங்கே தேடிப் பாருங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

டிவிடி ரெக்கோடர் என்று ஒன்று இருந்ததே?

இருந்தது. டெக்கின் நேரான வாரிசு அதுதான். வெற்று டிவிடி போட்டால் நல்ல தரத்தில் ஒரு மணி நேரம், சாதாரணத் தரத்தில் இரண்டு மணி நேரம், இன்னும் இறக்கினால் நான்கு, ஆறு மணி நேரம் பதியும். உள்ளே ஹார்ட் டிஸ்க் வைத்ததும் வந்தது, கசட்டும் டிவிடியும் ஒரே பெட்டியில் இருந்ததும் வந்தது. இப்போது செக்கண்ட் ஹேண்டாகத்தான் கிடைக்கும். அதன் லென்ஸ் பலவீனமாகியிருக்கும், பாதியில் "டிஸ்க் எரர்" என்று நின்றுவிடும். பதிந்து முடிந்ததும் ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது மெனுவில் டிஸ்கை மூடி முடிக்காமல், எடுத்த டிஸ்க் வேறு பிளேயரில் ஓடாது. இதுவும் பலருக்குத் தெரியாமல் போய், பெட்டி கெட்ட பிறகு டிஸ்கைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

யாராவது சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் ரெக்கோடர் மலிவாக இருக்கிறது. வாங்கலாமா?

இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் என் மாமா ஒருவர் இதில் விழுந்தார். டவுனில் ஒரு கடையில் அழகான பெட்டி, உள்ளே ஹார்ட் டிஸ்க் வேறு. வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் செருகினார். ஒரு "டப்", பிறகு மீன் கருகிய மாதிரி ஒரு வாடை. ஜப்பானில் கரண்ட் 100 வோல்ட், நம் நாட்டில் 230. கடைக்காரர் டிரான்ஸ்போர்மர் வேண்டும் என்று சொல்லவில்லை, மாமாவும் கேட்கவில்லை.

டிரான்ஸ்போர்மர் போட்டிருந்தாலும் அது உதவியிருக்காது. ஜப்பான் படமுறை என்.டி.எஸ்.சி, 525 வரி. நம்முடையது பால், 625 வரி. பெயர் பால், குடிக்கிற பால் இல்லை. ஜப்பான் ரெக்கோடரின் ஏவி ஓட்டைக்கு (மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் போகும் இடம்) நம் டெக்கைக் கொடுத்தால் படம் உருளும், நிறம் போகும், சிலதில் ஒன்றுமே வராது. மெனு முழுக்க ஜப்பான் எழுத்து. "இலங்கையும் டிஜிட்டல் டிவிக்கு ஜப்பான் முறையைத்தான் எடுத்திருக்கிறது, பிறகு உதவும்" என்றும் சொல்லி விற்பார்கள். அதையும் நம்பாதீர்கள். அந்தப் பெட்டிகளின் டியூனர் (சேனலைப் பிடிக்கும் பகுதி) ஜப்பானிய அட்டை ஒன்றைச் செருகினால்தான் அவர்கள் நாட்டுச் சேனலையே திறக்கும்.

பின்பக்கம் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைப் பாருங்கள். 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால் கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

அப்படியானால் கசட்டைக் காப்பாற்ற எதைத்தான் வாங்குவது?

வேலை செய்யும் ஒரு டெக், ஒரு கப்ச்சர் கருவி, ஒரு கம்பியூட்டர். மூன்றுமே புதுசாக இருக்க வேண்டியதில்லை.

கப்ச்சர் கருவி என்பது டெக்கில் ஓடும் படத்தைக் கம்பியூட்டருக்குள் ஏற்றும் விரல் அளவு யூ.எஸ்.பி துண்டு. ஒரு பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் போகும். மஞ்சள் படம், மற்ற இரண்டும் சத்தம். பழைய டெக் சிலதில் சத்தத்துக்கு ஒரே ஓட்டை இருக்கும். பயப்பட வேண்டாம், அது மோனோ. வெள்ளையில் மட்டும் செருகுங்கள். டெக்கிலிருந்து டிவிக்குப் போகும் அன்டெனா வயரை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள், படம் மங்கும்.

கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் இந்தத் துண்டுகள் கிடைக்கும். டவுனில் கேட்டால் வரவழைத்தும் தருவார்கள். பலரும் ஈஸிகேப் என்று கேட்டு வாங்குகிறார்கள். வெளியே ஒரே உறை, உள்ளே நாலைந்து வகை சிப். சிலதுக்கு டிரைவர் சிடி கொடுப்பார்கள், அது புது விண்டோஸில் ஏறாது. டிரைவர் இல்லாமல் வெப்கேம் மாதிரித் தானாகவே தெரியும் வகையைக் கேளுங்கள், யூ.வி.சி என்று பெட்டியில் இருக்கும். அந்த வகை பல அண்ட்ரொய்ட் போன்களிலும் வேலை செய்யும், போனில் யூ.எஸ்.பி செருக உதவும் ஓடிஜி வயரும் ஒரு யூ.எஸ்.பி கேமரா செயலியும் இருந்தால் போதும். கம்பியூட்டர் இல்லாத வீட்டில் இரண்டு மூன்று கசட் என்றால் போனிலேயே செய்துவிடலாம். இருபது கசட் என்றால் போன் சூடாகிப் பாதியில் நிற்கும், சொல்லிவிட்டேன்.

பதிய ஓ.பி.எஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள் போதும். பால் என்று தெரிவு செய்யுங்கள், அளவு 720 க்கு 576, வினாடிக்கு 25 படம். உருவ விகிதம் 4:3. இதை மறந்தால் அகல டிவியில் மாப்பிள்ளை பெண் உட்படக் கல்யாண வீட்டில் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள். கை வீசும்போது ஓரம் சீப்புப் பல் மாதிரித் தெரிந்தால் டீஇன்டர்லேஸ் என்பதைப் போட்டுவிடுங்கள்.

மூன்று மணி நேரக் கசட் ஏற மூன்று மணி நேரம்தான் ஆகும். வேகமாக ஏற்ற வழி இல்லை. அதற்குத்தான் நான் காசு வாங்குகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பியூட்டரே இல்லாமல் பதியும் பெட்டி இருக்கிறதாமே?

இருக்கிறது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரைச் செருகி, பென்டிரைவ் அல்லது மெமரி கார்டைப் போட்டு, ஒரு பட்டனை அழுத்தினால் பதியும். வயதானவர்களுக்கு நல்லது. தரம் சுமார், சிலது படத்தைத் தேவைக்கு மேல் சுருக்கிவிடும். நான்கு ஜிபிக்கு மேல் போனால் ஃபைலை வெட்டி இரண்டாக்கும், ஏனென்றால் பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கும். ஒரு கசட்டைப் பதிந்து, பெரிய டிவியில் போட்டுப் பார்த்து, முகம் தெளிவாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஷ் பெட்டியின் எச்.டி.எம்.ஐ வயரை இதில் கொடுத்துப் பதியலாமா?

பெரும்பாலும் கறுப்புத் திரைதான் பதியும். அந்த வயரில் கொப்பித் தடுப்புப் பூட்டு இருக்கிறது. அதே பெட்டியின் ஏவி ஓட்டையில் முயன்று பாருங்கள்.

பழைய டெக் வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

போகும்போது போனாலும் பரவாயில்லை என்ற ஒரு சினிமாக் கசட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் கல்யாணக் கசட்டைக் கொண்டு போகாதீர்கள். டெக் அதை மென்றுவிட்டால் யாரிடம் கேட்பது?

போட்டுப் பாருங்கள். சத்தம் நன்றாக வருகிறது, படம் மட்டும் பனிமூட்டம் என்றால் ஹெட், அதாவது சுழலும் உருளையில் இருந்து நாடாவைப் படிக்கும் பகுதி, அழுக்கு, சுத்தம் செய்தால் சரியாகும். வாங்கலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். கசட்டை வெளியே எடுக்கும்போது நாடா வெளியே தொங்கினால் உள்ளே சுற்றும் ரப்பர் தேய்ந்திருக்கிறது. முன்னும் பின்னும் முழுக்க ஓட்டிப் பாருங்கள். பாதியில் திணறினால் பெல்ட். பழைய பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருக்கும். பெல்ட் மாற்றத் தெரிந்த ஆள் உங்கள் டவுனில் இருந்தால் அதையும் வாங்கலாம். என் அனுபவத்தில் அந்த ஆள் ரேடியோ பழுதுபார்க்கும் ஏதோ ஒரு பெரியவராகத்தான் இருப்பார்.

ஹெட்டை நீங்களே துடைக்கப் போகிறீர்கள் என்றால், சுத்தமான ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த மான்தோல் துண்டை உருளையில் லேசாக வைத்து, மற்றக் கையால் உருளையைத் திருப்புங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். காதுக்குப் போடும் பஞ்சுக் குச்சி வேண்டவே வேண்டாம், அதன் நார் மாட்டிக்கொள்ளும்.

கசட்டுக்குள் வெள்ளையாக மா தூவின மாதிரி இருக்கிறது. போடலாமா?

போடவே போடாதீர்கள்! அது பூஞ்சணம். மலையகத்தில் கசட்டுக்கு முதல் எதிரி. போட்டால் நாடா ஹெட்டில் ஒட்டிக் கிழியலாம், டெக்குக்குள் பூஞ்சணம் கொட்டும், அடுத்துப் போடும் நல்ல கசட்டுக்கும் அதுவே தொற்றும்.

முதலில் ஒவ்வொரு கசட்டையும் வெளிச்சத்துக்குப் பிடித்து அதன் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பாருங்கள். நாடா கறுப்பாகப் பளபளவென்று இருக்க வேண்டும். சுருளின் மேல் வெள்ளைப் புள்ளியோ நூல் மாதிரியோ தெரிந்தால் தனியாக ஒதுக்குங்கள். ஒதுக்கியதை இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், சப்பாத்துப் பெட்டியில் வருமே அந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நிறையப் போட்டு, ஒரு வாரம் வையுங்கள். பூஞ்சணம் காய்ந்து தூளாகும். பிறகு மழை இல்லாத நாளில் இஸ்தோப்பில் உட்கார்ந்து, முகக்கவசம் கட்டிக்கொண்டு, கசட்டின் அடியில் இருக்கும் ஐந்து ஆணிகளைக் கழற்றிச் சுருளை நார் விடாத மெல்லிய துணியால் துடைக்கலாம். உள்ளே சின்ன ஸ்பிரிங் ஒன்று இரண்டு துள்ளி விழும், எது எங்கே இருந்தது என்று முதலிலேயே போனில் படம் எடுத்து வையுங்கள். கை நடுங்குகிறவர்கள் இதைச் செய்யாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அடுப்புக்கு மேல் வைத்துக் காயப்போடாதீர்கள். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு அக்கா அப்படித்தான், ஈரம் பிடிக்காது என்று வருடக்கணக்காக அடுப்புப் பரணில் வைத்திருந்தார். ஈரம் பிடிக்கவில்லை, உண்மைதான். பதினொரு கசட்டிலும் புகைக்கரி. உறையைத் தொட்டால் விரல் கறுப்பு. ஏழைத்தான் மீட்க முடிந்தது.

டெக் "டியூ" என்று காட்டி நின்றுவிட்டது. பழுதா?

பழுது இல்லை. அது பனி. குளிர்ந்த காம்பராவில் இருந்த டெக்கைச் சூடான இடத்துக்குக் கொண்டு வந்தால், கண்ணாடியில் ஆவி படிவது மாதிரி உருளையில் ஈரம் படியும். அதில் நாடா ஒட்டிக்கொள்ளும் என்று டெக் தானாகவே நிற்கிறது. கரண்டைப் போட்டபடியே இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். நானுஓயாப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் இது அடிக்கடி வரும். இந்த எச்சரிக்கை இல்லாத டெக்குகளும் உண்டு, அவற்றுக்கு நீங்கள்தான் பொறுமையாக இருக்க வேண்டும். கசட்டையும் ஒரு நாள் முன்னதாகவே அதே அறையில் வைத்துவிடுங்கள்.

கரண்ட் போவதும் இடியும் நம் ஊரில் சாதாரணம். ஏற்றும்போது போனால்?

லெப்டொப் என்றால் அது நிற்காது, டெக்தான் நிற்கும். டெக் அதிகக் கரண்ட் எடுக்காது, கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் சின்ன யூ.பி.எஸ் பேட்டரிப் பெட்டி ஒன்று போதும். ஓ.பி.எஸ்ஸில் எம்.பி.4 ஆகப் பதியாமல் எம்.கே.வி ஆகப் பதியுங்கள். நடுவில் அறுந்தாலும் அதுவரை பதிந்தது தப்பும், பிறகு எம்.பி.4 ஆக மாற்றிக்கொள்ளலாம். பின்னேரம் மேகம் கறுத்தால், முக்கியமாக ஏப்ரல், ஒக்டோபர் பக்கம், எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பிளக்கை மட்டுமில்லை, அன்டெனா வயரையும்.

எவ்வளவு இடம் பிடிக்கும்?

நல்ல தரத்தில் மணிக்கு மூன்றரை ஜிபி என்று கணக்கு வையுங்கள். இருபது கசட், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் என்றால் 210 ஜிபி. ஒரு டெரா ஹார்ட் டிஸ்கில் தாராளமாகக் கொள்ளும். இரண்டு ஹார்ட் டிஸ்கில் கொப்பி வையுங்கள், ஒன்று உங்களிடம், மற்றது கொழும்பிலோ கண்டியிலோ இருக்கும் தம்பி தங்கச்சி வீட்டில். பென்டிரைவ் கொண்டு போகத்தான், வைத்துப் பாதுகாக்க இல்லை.

டுபாயிலிருந்தும் கனடாவிலிருந்தும் அனுப்பிய கசட் இருக்கிறது. ஓடுமா?

டுபாய்க் கசட் ஓடும், அங்கேயும் பால்தான். கனடா என்.டி.எஸ்.சி. சாதாரண டெக்கில் படம் உருண்டு கறுப்பு வெள்ளையாகத் தெரியும். டெக்கின் முகப்பில் என்.டி.எஸ்.சி பிளேபேக் என்று எழுதியிருந்தால் போட்டுப் பாருங்கள். கசட் கெட்டுவிட்டது என்று எறிந்துவிட வேண்டாம்.

கசட் சின்னதாக இருக்கிறது, டெக்குக்குள் போகவில்லை.

இரண்டு வகை இருக்கிறது. வி.எச்.எஸ்-சி என்று எழுதியிருந்தால், பெரிய கசட் வடிவிலான அடாப்டருக்குள் வைத்துப் போடலாம். எட்டு மில்லிமீட்டர் (8mm) அல்லது MiniDV என்று எழுதியிருந்தால் எந்த அடாப்டரும் உதவாது, அதே வகைக் கேமராதான் வேண்டும். வீடியோ எடுத்த ஸ்டூடியோவில் பழைய கேமரா கிடக்கிறதா என்று விசாரியுங்கள்.

ஸ்டூடியோக்காரர் அப்போதே வி.சி.டியில் போட்டுத் தந்துவிட்டார். கசட்டை எறியலாமா?

எறியாதீர்கள். வி.சி.டியில் படம் 352 க்கு 288 தான், கசட்டில் இருப்பதை விடத் தெளிவு குறைவு. கசட்டிலிருந்து மறுபடி ஏற்றினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

சினிமாக் கசட்டுகளையும் ஏற்றலாமா?

கடையில் விற்ற அசல் கசட்டில் கொப்பித் தடுப்பு இருக்கும், படம் வெளிச்சமாகவும் இருட்டாகவும் மாறி மாறி வரும். சட்டச் சிக்கலும் உண்டு. அந்தப் படங்கள் எப்படியும் வேறு வழியில் கிடைக்கும். காமன் கூத்தில் உங்கள் தாத்தா ரதி வேஷம் கட்டி ஆடியது வேறெங்கும் கிடைக்காது. முதலில் அதை ஏற்றுங்கள்.

கசட்டின் மேல் ஒன்றும் எழுதவில்லை. எதில் என்ன இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

போட்டுத்தான் பார்க்க வேண்டும், அதுவும் தனியாக உட்கார்ந்து பார்க்காதீர்கள். வீட்டில் பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருக்கட்டும். போன மாதம் ஒரு தம்பி தன் அப்பாயியைக் கூட்டிக்கொண்டு வந்தான். கசட்டில் எழுதியிருந்தது "கல்யாணம்" என்று மட்டும். அவனுக்குத் திரையில் ஒருவரையும் தெரியவில்லை. அப்பாயி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இது உங்க அப்பன் கல்யாணம் இல்லடா, பெரியத்தை கல்யாணம். அந்தா பந்திக்கு இலை போடுறது உங்க தாத்தா, அன்னைக்குப் பேர் போடல" என்றார். வேலைக்குப் போகாத நாள் என்று அர்த்தம். அதையும் சேர்த்தே ஃபைலுக்குப் பெயர் வைத்தோம்: வருடம், தோட்டம், யார் கல்யாணம், இலை போடுகிறவர் யார். பிறகு கசட்டின் முதுகிலும் அதையே எழுதி, பதிவைத் தடுக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துக் கொடுத்தேன். அது உடைந்திருந்தால் யாரும் தவறுதலாக மேலே வேறு எதையும் பதிய முடியாது.